அமுங்காத சிவப்புப் பட்டன்

என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க இயந்திரத்திலிருந்து கழற்றிய ஒரு சிவப்புப் பட்டனை வைத்திருக்கிறேன். காளான் குடை மாதிரி அகன்ற தலை. கழுத்தைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் தவிட்டுத் தூசியும் சேர்ந்து சிமெண்டாக இறுகிக் கிடக்கும். போனில் யாராவது வளவளவென்று இழுத்தால் என் கட்டைவிரல் தன்னால் போய் அதை அமுக்கும். அமுங்காது. அமுங்காது என்று தெரிந்தும் அமுக்குவேன். ஆயுத பூஜை நெருங்கினால் இந்தத் துறுதுறுப்பு இன்னும் கூடிவிடும். பட்டுக்கோட்டையில் எங்கள் தேங்காய் எண்ணெய் ஆலையில் வேலை செய்பவர்கள், மேடத்துக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பட்டன் ஒரு காலத்தில் பூதலூர்ப் பக்கம் எங்கள் கம்பெனியின் அரிசி ஆலையில் இருந்தது. என் அக்காவின் கணவர், அத்தான், அங்கே சூப்பர்வைசர். பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்க வெளியாட்கள் வருவதற்கு முன்னால், நம் குறையை நாமே பார்த்துக்கொள்ள உள் தணிக்கை என்று ஒன்று உண்டு. ஒரு ஆலையின் ஆள் இன்னொரு ஆலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். உறவுக்காரர் இருக்கிற இடத்துக்கு நான் போகக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். வேறு ஆள் இல்லை, நீதான் போக வேண்டும் என்றார்கள். எரிச்சலோடுதான் பஸ் ஏறினேன்.

போனதும் அத்தான் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாம்மா, வா. அக்கா உனக்குன்னு போளி குடுத்துவிட்டிருக்கா. மொதல்ல சாப்புடு, அப்பறம் எங்க கழுத்த அறுக்கலாம்." நான் விறைப்பாக, "சார், ஆலையைப் பார்த்துடலாம்" என்றேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சாராம் மோராம்! கல்யாணத்துல என் செருப்ப ஒளிச்சு வச்சவ நீ." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. எல்லார் தலையிலும் புது ஹெல்மெட். ஒன்றிரண்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. தரை பளபளவென்று இருந்தது. கல்யாண வீடு மாதிரி ஜோடித்திருந்த அந்த ஆலையைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ குடைந்துகொண்டே இருந்தது. எங்கேயாவது ஒரு இடத்தில் உண்மையைத் தொட்டுப் பார்த்தால் தேவலை என்று விறுவிறுவென்று நடந்தேன்.

நெல்லை இழுத்துப் போகும் பெல்ட்டுக்கு அடியில் ஒரு அம்மா குனிந்து சிந்தின நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தார். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்மெட் தலையில் சரியாக இருந்தது. முந்தானை மட்டும் தொங்கியது. "ஏம்மா, சேலை மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "சார் இருக்காரு, அந்தச் செவப்பு பட்டன் இருக்கு. அமுக்குனா டக்குனு நின்னுரும்னு சார்தான் சொல்லிக் குடுத்தாங்க. அப்பறம் என்னங்க பயம்?" பக்கத்தில் நின்ற அத்தானுக்குப் பெருமை பிடிபடவில்லை.

திரும்பிப் பட்டனைப் பார்த்தேன். சிவப்பே தெரியவில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பட்டறைச் சாமான்களிலிருந்து லாரி வரைக்கும் பொட்டு வைப்போம் இல்லையா, அத்தான் தன் கையாலேயே இதற்கும் வைத்திருக்கிறார். உயிர் காக்கிற பட்டன் என்பதால் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டு. சாமிக்கு வைத்ததைத் துடைக்க யாருக்கும் மனசு வரவில்லை. அதன் மேலேயே அடுத்த வருஷப் பொட்டு, அதன் மேல் தவிடு.

"அமுக்குங்க அத்தான்" என்றேன். சார் போட மறந்துவிட்டது.

"சாமிக்கு வச்சதும்மா. சும்மா போட்டு நோண்டாத."

"அமுக்குங்க."

கட்டைவிரலால் அமுக்கினார். பிறகு உள்ளங்கையால். பிறகு கைமேல் கை வைத்து, முழு உடம்பையும் சாய்த்து. பெல்ட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டார். முந்தானையை இழுத்து இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, பெல்ட்டை விட்டுப் பின்னால் நகர்ந்து, அத்தான் முகத்தையே பார்த்தார். அத்தான் பேனல் ரூமுக்கு ஓடி மெயினை இறக்கினார். அந்த உடம்போடு அவர் ஓடி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதைப் பெரிய குறை என்று எழுதினால் சான்றிதழ் தள்ளிப்போகும், மாதா மாதம் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிற அத்தானின் வேலைக்கே ஆபத்து. மேனேஜர் தழைந்த குரலில், "சின்னக் குறிப்பாப் போட்டுடும்மா, நாங்க சரி பண்ணிக்கிறோம்" என்றார். நான் ஊர் திரும்புவதற்குள் அக்கா போன் செய்துவிட்டாள். "ஒரு பொட்டுக்காக என் குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்துவியாடி? நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?" அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது. கண்ணை மூடினால் அந்த முந்தானைதான் தொங்கியது. பெரிய குறை என்றே எழுதினேன்.

வேலை போகவில்லை. ஆனால் வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று. அக்கா பேச்சை நிறுத்தினாள். அவள் பெரிய பையனின் பிள்ளைக்குக் காது குத்தினபோது பத்திரிகை வந்தது, போன் வரவில்லை. போவதா வேண்டாமா என்று நான் வீட்டுக்குள் நடையாய் நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தான் தனியாகப் பட்டுக்கோட்டைக்கு வந்து இறங்கினார். பையிலிருந்து இந்தப் பட்டனை எடுத்து என் கையில் வைத்தார். "புதுசு மாட்டியாச்சு. இத நீயே வச்சுக்க" என்றார். காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். பிறகு சொன்னார்: "உன் மேல கோவம் இல்லம்மா. கையெழுத்துப் போட்டது நான். ஆனா அந்தப் பொம்பள என்னப் பாத்தா பாரு, அந்தப் பார்வைக்குத்தான் எனக்குப் பதில் தெரியல." அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். விசேஷத்துக்குப் போனேன். அக்கா இலையில் பாயசத்தை ஊற்றினாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அதிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜை அன்றும் காலையில் அத்தானின் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "அமுக்குனியா? நின்னுச்சா? சரி, இப்பப் பொட்டு வை. பட்டன்ல இல்ல, பக்கத்துச் சொவத்துல." போனை வைத்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் நிறுத்தவில்லை.

போன மாசியில் போய்விட்டார். மாரடைப்பு.

இந்த வருஷப் பூஜை அன்று எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சந்தனம் கரைத்தாயிற்று, வாழைக்கன்று கட்டியாயிற்று, பொரி கடலை வந்தாயிற்று. இயந்திரங்களை ஓடவிட்டு ஒவ்வொரு பட்டனையும் என் கையாலேயே அமுக்கினேன். எல்லாம் நின்றன. ஆலையே அமைதியாகிவிட்டது. மேஜைக்கு வந்து, போனை ஒரு முறை பார்த்துவிட்டு, இந்தப் பழைய பட்டனை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

போன் அடித்தது. அக்கா.

"அவரு இந்நேரத்துக்குக் கேப்பாரேடி, அதான்" என்றாள். "அமுக்குனியா?"

"அமுக்குனேன்க்கா."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"சரி," என்றாள் அக்கா. "இப்பப் பொட்டு வை."