ஹாலில் ஓர் ஓவர்லாக் மிஷின்

நல்லூர் வீட்டை முதன்முதலாக வாடகைக்கு விடப்போனபோது வந்த இன்சூரன்ஸ்காரர் அவர். வீட்டுக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. என்னைவிடப் பயந்த ஆள் ஒருவர் கிடைத்தாரே என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

குடிவரக் கேட்டிருந்த தூத்துக்குடிக் குடும்பம் ஹாலில் ஓவர்லாக் மிஷின் போட்டுத் தைக்குமாம். பனியன் துணி பற்றியெரிவதும் நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடுவதும் என் கண்ணுக்குள் படமாக விரிந்தன.

"மிஷின் ஓடும்னு கம்பெனிக்குச் சொல்லிப்போட்டா, தீக்கு நாங்க பொறுப்புங்க. மறைச்சாத்தான் வம்பு" என்றவர், தரையில் கறுத்துக் கிடந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார். "இங்க முன்னயே மிஷின் ஓடியிருக்குதுங்களே?"

"நானும் ஊட்டுக்காரியும் தெச்சோமுங்க. ரேடியோவப் போட்டு உட்டுட்டு, சண்டை கட்டிக்கிட்டே."

"அப்ப இன்சூரன்ஸ்?"

"இல்லீங்க."

"பயம்?"

"அதும் இல்லீங்க."

அவர் சிரித்தார். "தீ, வெள்ளம் எல்லாத்துக்கும் பாலிசி இருக்குதுங்க. ஊட்ட இன்னொருத்தருக்குக் குடுக்க மனசு வராததுக்குத்தான் இல்லீங்க."

அந்தக் குடும்பத்துக்கே சாவியைக் கொடுத்தேன். எனக்கே தெரியாமல் இருந்ததை அந்த மனிதர் அரை மணி நேரத்தில் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை.