கேஸ்கனேட் கோபால்சாமி

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஊர்களுக்கு கேஸ் சிலிண்டர் ஏற்றிப்போகும் வண்டி கோபால்சாமியுடையது. மலை ஏற ஏற சிலிண்டர் குறையும். இறங்கி வரும்போது கதை கூடியிருக்கும். கேட்டுக் கேட்டு மகள் சரிதாவுக்குக் காது புளித்துவிட்டது. அவள் அடிவாரத்துப் பள்ளி ஒன்றில் புதிதாகச் சேர்ந்த இங்கிலீஷ் டீச்சர். அதிர்ந்து பேசத் தெரியாதவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

போன வாரம் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"ரோடு சரிஞ்சி கெடக்குது. வண்டி போவாது. நான் இன்னா பண்ணேன்? தோளுக்கு ஒன்னா ரெண்டு சிலிண்டர். ஒரே மூச்சி. மேல போய்தான் எறக்குனேன்."

"போன வருசம் சொன்னப்போ ஒன்னுதானே தூக்கின?" என்று அம்மா சம்பூர்ணம் குழம்பை ஊற்றினாள்.

'பீலா வுடாத நைனா' என்று சொல்ல சரிதாவுக்கு வாய் வரவில்லை. தட்டைப் பார்த்தபடி, "கேஸ்கனேட்" என்று முணுமுணுத்தாள். வீண்பெருமை அடிப்பதற்கு இங்கிலீஷில் இருக்கும் சொற்களில் ஒன்று. அந்த வீட்டில் யாருக்கும் புரியாது என்ற தைரியம்.

"இன்னா சொன்ன? கேஸ்கனேட்டா?" கோபால்சாமியின் முகம் மலர்ந்தது. "கேஸ் போடறவனுக்கு இங்கிலீசுல தனியா பேரே வெச்சிருக்கானா!"

அவள் வாயைத் திறப்பதற்குள் கை கழுவப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி பெயிண்ட் வாசனையோடு வந்து நின்றது. கண்ணாடிக்கு மேலே சிவப்பு இங்கிலீஷ் எழுத்தில் 'கேஸ்கனேட் கோபால்சாமி'. போனில் பார்த்து எழுதினாராம். ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எழுத்தப் பாத்தியே, கீழ அர்த்தம் போட்டிருந்திச்சே, அதப் படிக்கலயா?"

"அர்த்தந்தான் எனக்குத் தெரியுமே!"

மறுநாள் அவளுடைய பள்ளிச் சமையலறைக்கு சிலிண்டர் போட வேண்டும். தலைமையாசிரியை ராணியம்மாள் காலம் முழுக்க இங்கிலீஷ் நடத்தியவர். காலையில் வாசலில்தான் நிற்பார். பெற்ற அப்பனையே ஊர் சிரிக்க வைத்த மகள் என்று இவளை நினைப்பாரே!

"நைனா, அத அழிச்சிடு. அதுக்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்ல. பிரான்சுல கேஸ்கனின்னு ஒரு சீமை. அந்த ஜனங்க பெருமையடிக்கிறவங்கன்னு மத்தவங்க கேலி பண்ணுவாங்க. அவங்க பேர வெச்சே, பீலா வுடறதுக்கு ஒரு வார்த்தை வந்துடுச்சி. அதான் இது."

கோபால்சாமி எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்போ என்னத்தான் சொன்னியா?"

"ஆமா நைனா."

அவர் வண்டியில் ஏறிப் போனார்.

திங்கட்கிழமை வண்டி பள்ளிக்குள் நுழைந்தது. வாசலில் நின்ற சரிதா பார்த்தாள், எழுத்து அப்படியே இருந்தது. ராணியம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாக வாசித்தார்.

"இன்னாங்க இது? அர்த்தம் தெரிஞ்சிதான் எழுதினீங்களா?"

"தெரியாம எழுதுவனா டீச்சரம்மா? எம்பொண்ணு சொல்லிச்சி. பிரான்சுல ஒரு சீமையே ஒன்னா சேந்து பீலா வுட்டு வாங்கின பேருங்க." சிலிண்டரைத் தோளில் ஏற்றினார். "இங்க நான் ஒத்த ஆளா வாங்கிட்டேன்!"

ராணியம்மாள் குலுங்கிச் சிரித்தார். "பாடம் நல்லாத்தான் ஏறியிருக்குது, சரிதா" என்றார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கோபால்சாமிக்கு உற்சாகம் தாங்கவில்லை. வண்டி பக்கம் திரும்பி, காலியாக இருந்த தோளை இன்னொரு சிலிண்டருக்குக் கீழே கொடுக்கப் போனார்.

"நைனா! ஒன்னுதான் கேட்டாங்க!"

சரிதாவுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தது.