மாலை போட்ட படம்

பாபநாசத்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. ஆள் வராத நேரத்தில் பென்சிலைக் கையில் எடுத்துவிடுவேன். மோட்டார் கொட்டகை, அறுப்பு முடிந்த வயலில் மேயும் வாத்து என்று எதையாவது கிறுக்கி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். குழுவில் எல்லாரும் என்னைப் போலப் பொழுதுபோக்குக்கு வரைகிறவர்கள்தான். அட்மின் கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். நல்ல மனிதர், கொஞ்சம் ஆர்வக்கோளாறு.

கம்ப்யூட்டரே படம் போட்டுத் தரும் வசதி வந்ததும் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் எங்களில் யாருடைய போட்டோவையாவது எடுத்துத் தஞ்சாவூர் ஓவியம் மாதிரி மாற்றிப் போடுவார். தங்கத் தகடு, கல் வைத்த வளைவு, குண்டுக் கன்னம். ஒரு ஞாயிறு என்னையே வெண்ணெய் தின்னும் கிருஷ்ணனாக உட்கார வைத்துவிட்டார், மீசையோடு. கழுத்தில் மாலை வேறு. "அண்ணே, எப்ப மேல கிளம்புனீங்க?" என்று அன்றைக்கு முழுவதும் கிண்டல். எனக்கு எரிச்சலாக இருந்தாலும் நானும் சிரித்தேன்.

குழுவில் நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடும் முத்துப்பேட்டைப் பெண் மட்டும் பால்பாயிண்ட் பேனாவை விடவே இல்லை. படகு தவிர வேறெதையும் வரைய மாட்டாள். அவள் கணவர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்.

ஐப்பசி மழையில் அவர் போன படகு கவிழ்ந்தது. படகு கரை ஒதுங்கியது, அவர் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வேறு ஏதாவது ஊரில் ஒதுங்கியிருப்பார், இலங்கைப் பக்கம் யாராவது காப்பாற்றி வைத்திருப்பார்கள் என்று அவள் உறுதியாக இருந்தாள். அந்தக் கரையில் அப்படித் திரும்பி வந்தவர்களும் உண்டு. அதனால் வீட்டிலும் யாரும் அவளை மறுத்துப் பேசவில்லை.

சில நாள் கழித்துக் குழுவில் ஒரு போட்டோ போட்டாள். அவர் படகில் நிற்கிறார். முகம் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரிகிறது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறார். கீழே எழுதியிருந்தாள்: "இது ஒண்ணுதான் இருக்கு. முகம் தெளிவா தெரியிற மாதிரி யாராச்சும் பண்ணிக் குடுங்க. எல்லா ஊரு மீனவர் குரூப்புக்கும் அனுப்பணும். பாத்தவங்க சொல்லுவாங்க."

"நான் வரைஞ்சு தர்றேம்மா" என்று எழுதிவிட்டு உடனே உட்கார்ந்தேன். அத்தனை சின்ன முகத்தைப் பென்சிலில் பிடிக்க நேரமாகும். ஸ்டுடியோக்காரருக்கு அது காப்பி குடிக்கிற நேரத்து வேலை. அன்று ஞாயிற்றுக்கிழமை வேறு. போட்டோவைத் தெளிவாக்கியதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். பாவம், அவள் மனம் கொஞ்சம் ஆறட்டும் என்று வழக்கமான தஞ்சாவூர் ஜோடனையையும் சேர்த்தார். தங்கம் வந்தது, வளைவு வந்தது, கழுத்தில் ரோஜா மாலையும் வந்தது. மாலையை அவர் கேட்கவில்லை. சாமி படங்களைப் பார்த்துப் பழகிய அந்தக் கம்ப்யூட்டர் சனியன் தானாகவே போட்டது. காலமெல்லாம் இறந்தவர்களின் போட்டோவுக்கு மாலை ஒட்டிக் கொடுத்தவர் கண்ணில் அது உறைக்கவே இல்லை. ஒரு கும்பிடு குறியோடு படத்தைக் குழுவில் போட்டுவிட்டார்.

காணாமல் போனவர் கழுத்தில் மாலையைப் பார்த்தால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? "ஆழ்ந்த இரங்கல்" என்று முதலில் ஒருவர் தட்டினார். அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். ஆத்மா சாந்தியடையட்டும், கண்ணீர் அஞ்சலி, மறுபடி ஆழ்ந்த இரங்கல். "நிறுத்துங்க, எந்தச் சேதியும் வரல" என்று நான் எழுதியது அந்தக் கூட்டத்தில் எங்கோ அமுங்கிப் போயிற்று. ஸ்டுடியோக்காரர் பதறிப்போய்ப் படத்தை அழிப்பதற்குள் யாரோ அதை மீனவர் குழுக்களுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். உதவி செய்கிறார்களாம்.

முத்துப்பேட்டையில் அவள் போனை மாமியார் பார்த்துவிட்டார். மகன் கழுத்தில் மாலையைக் கண்டு அந்த அம்மா அலறியதில் தெருவே கூடிவிட்டதாம். அதுவரை வாயைத் திறக்காத சொந்தக்காரர்கள் அதன்பிறகு துணிந்தார்கள். இன்னும் எதற்குக் காத்திருப்பது என்றார்கள். உடல் இல்லாததால் அந்தப் படத்தையே பிரேம் போட்டு வைத்துக் காரியம் செய்தார்கள். அவள் வேண்டாம் என்று அழ அழத் தாலியைக் கழற்றினார்கள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அவள் போன் செய்தாள்.

"கடலுகூட அவரு இல்லன்னு சொல்லலண்ணே. நம்ம குரூப்புதான் சொல்லிச்சு."

பிறகு கேட்டாள்.

"நீங்க வரைஞ்சது முடிஞ்சிருச்சாண்ணே?"

"முடிஞ்சிருச்சும்மா."

"மாலை இல்லல்ல?"

"இல்லம்மா. சட்டைக் காலர் மட்டும்தான்."

"அனுப்பிவிடுங்க."

அனுப்பினேன். 'இவரை எங்கயாவது பாத்தீங்களா' என்று எழுதி, தன் நம்பரையும் போட்டு, எல்லா ஊர்க் குழுக்களுக்கும் அவளே அனுப்பியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது அவளிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. யாரோ ஒரு மீனவர் அவளுக்கு அனுப்பியிருந்த பதில் மட்டும்தான் அதில் இருந்தது.

"இவரு இறந்துட்டாருன்னு மாலை போட்ட படம் முன்னாடியே வந்துச்சேம்மா. அதான் நாங்க தேடுறத விட்டுட்டோம்."

அதற்குக் கீழே ஒரு கும்பிடு.