தச்சநல்லூரில் லேசான மழை

பள்ளிக்கூட வேலைக்காகப் பழைய டேப்லெட் ஒன்று வாங்கினேன். நானும் கணவரும் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். கார்த்திகை மாதம். மொட்டைமாடியில் துணி காயப்போடலாமா என்று பார்க்க வானிலை செயலியைத் திறந்தால், 'தச்சநல்லூர், லேசான மழை' என்றது. பாளையங்கோட்டையைத் தேடிச் சேர்த்தேன். மறுநாள் அதற்கு மேலே மறுபடியும் தச்சநல்லூர், 'தற்போதைய இருப்பிடம்' என்ற குறிப்போடு.

முன்பு வைத்திருந்த ஆள் இன்னும் இதற்குள் இருக்கிறான் என்று எனக்குப் பட்டது. கேமராவின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். விற்ற கடைக்காரரிடம் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் அழித்துத் தந்தார். வீட்டுக்கு வந்து திறந்தால் அதே தச்சநல்லூர். 'துல்லியமான இருப்பிடம்' என்பதை இயக்கியும் மாறவில்லை. இப்போது கடைக்காரர்மேலும் சந்தேகம் வந்தது.

பள்ளியில் திறந்தபோது மட்டும் பாளையங்கோட்டை என்று காட்டியது. கம்ப்யூட்டர் டீச்சரிடம் கேட்டேன்.

"இதுல சிம் கிடையாது. பக்கத்துல உள்ள வைஃபையை வச்சுத்தான் இடத்தைச் சொல்லுது. ஒங்க வீட்டு வைஃபை பெட்டி முன்ன தச்சநல்லூர்ல இருந்திருக்கும்" என்றார்.

வைஃபை எங்களுடையது அல்ல. மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மாள் எங்களுக்கும் சேர்த்துத் தந்தது. அவரோ கல்யாணமாகி வந்ததிலிருந்து அதே வீட்டில் இருப்பவர். அன்று சாயங்காலம் மேலே போய், வைஃபை பெட்டி தச்சநல்லூரிலிருந்து வந்ததா என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவரின் கை நின்றது.

"யாரு சொன்னா டீச்சர்?"

"இந்த டேப்லெட்தான்மா காட்டுது."

"அது எப்படிக் காட்டும்?"

உள்ளேயிருந்து அவர் மகள் வந்தாள். தச்சநல்லூரில் கட்டிக்கொடுத்த பெண். தீபாவளிக்கு வந்திருப்பதாகத்தான் எங்களுக்குத் தெரியும்.

"அந்தப் பெட்டிய நாந்தான் கொண்டுவந்தேன்க்கா. அங்கன வீட்டைக் காலி பண்ணியாச்சு. இனிமே இங்கனதான்."

"ஏட்டி, உள்ள போ" என்றார் அம்மாள்.

அவள் போகவில்லை. "இன்னும் எத்தனை நாளைக்கும்மா தீபாவளிக்கு வந்திருக்கான்னு சொல்லுவ?"

எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மழை வருமா என்று பார்க்கப் போய் இதில் வந்து நின்றேன். அவளே டேப்லெட்டை வாங்கி, செயலிக்கு இருப்பிட அனுமதியை நிறுத்திவிட்டு, பாளையங்கோட்டையை மட்டும் வைத்துத் தந்தாள்.

அதன்பிறகு அவள் அடிக்கடி கீழே வந்து பேசிக்கொண்டிருப்பாள். அம்மாள்தான் மாறிப்போனார். என் கையில் டேப்லெட்டைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார். ஒருநாள் தண்ணீர் மோட்டார் போடக் கீழே இறங்கிய அம்மாள் பைய என் அருகில் வந்தார்.

"நேத்து நானும் அவளும் எங்க போனோம்னும் அது காட்டுமோ டீச்சர்?"

"காட்டாதும்மா."

நம்பினதாகத் தெரியவில்லை. அந்த வாரமே வைஃபையின் பாஸ்வேர்டு மாறியது. மகள்தான் இறங்கி வந்து, புதியதை என் காதில் சொல்லிவிட்டுப் போனாள்.