கால் எட்டாத விமானம்

காரில் ஏறி உட்கார்ந்ததும் நான் முதலில் செய்கிற காரியம் சாவியைப் போடுவதல்ல. இருக்கைக்கு அடியில் கையை விட்டு, அங்கே இருக்கும் கம்பியைத் துழாவிப் பிடித்து இழுப்பேன். உடம்போடு சேர்த்து இருக்கையை முன்னால் நகர்த்துவேன். கம்பியை விட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் என் கால் பிரேக்கைத் தொடும். என் கணவர் ஆறடி உயரம். அவர் ஓட்டிவிட்டு இறங்கினாரென்றால் இருக்கை ஊர்க்கோடியில், டோம்பிவிலியில் போய் நிற்கும். நான் அதை எங்கள் மாதுங்கா வரைக்கும் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். எத்தனையோ கார்கள் மாறிவிட்டன, அந்தச் சத்தம் மட்டும் மாறவேயில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் அண்ணாவின் நினைவு வரும். அண்ணாவுக்கும் காருக்கும் அதிக சம்பந்தம் கிடையாது. அவன் அந்தச் சத்தத்தை உண்டாக்கியது ஒரு விமானத்தில்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. மாதுங்காவில் மூன்றாவது மாடியில் ஒரு ஹால், ஒரு உள் அறை, ஒரு சமையலறை கொண்ட வீடு. அப்பா தினமும் லோக்கல் ரயில் பிடித்துக் கோட்டைப் பக்கம் ஆபீசுக்குப் போய் வருவார். அண்ணா இஞ்சினியரிங் கல்லூரியில் கடைசி வருஷம். நான் பி.ஏ. முடித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்தேன். உண்மையில் காத்திருந்தது அம்மாதான். அண்ணா அப்பாவைக் கொண்டு நெடுநெடுவென்று வளர்ந்தவன். நான் அம்மாவைக் கொண்டு பிறந்து, நாலடி பத்து அங்குலத்தோடு போதும் என்று நின்றுவிட்டவள்.

அதற்குள் இரண்டு பிள்ளை வீட்டார் வந்து, சொஜ்ஜியை ருசித்துச் சாப்பிட்டு, என்னைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, கொஞ்சம் உயரம்தான்..." என்று முடிக்காத வாக்கியமாகவே இரண்டு இடத்திலிருந்தும் பதில் வந்தது. அம்மா சளைக்கவில்லை. என் பின்னலை அவிழ்த்து உச்சியில் கொண்டையாக ஏற்றினாள். அதற்கு மேல் பூவைச் சுற்றினாள். அதுவும் போதாதென்று, பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் சமையலறை நிலைப்படி மேல் நிற்கச் சொல்லிக் கொடுத்தாள். நிலைப்படியில் நின்றால் வீட்டுக்கு ஆகாது என்று பிறந்ததிலிருந்து என்னை விரட்டிக்கொண்டிருந்தவள் அவள்! இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடத்தில்தான் ஏதோ குறை வைத்துப் படைத்துவிட்டார்கள் என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அண்ணாவின் கல்லூரியில் கடைசி வருஷப் பிராஜெக்ட் வந்தது. பயிற்சிக்குப் பயன்படும் சின்ன விமானத்தை எப்படி மேம்படுத்தலாம் என்று யோசனை சொல்ல வேண்டும். அண்ணாவுக்கு விமானமென்றால் உயிர். தெற்கே ஒரு விமானத் தொழிற்சாலையில் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவன் கனவு. அதற்கு இந்தப் பிராஜெக்டில் நல்ல மார்க் வாங்கியாக வேண்டும். அவனுடைய கூட்டாளிகள் இருவரில் ஒருவன் இறக்கையை மாற்றப் போகிறேன் என்றான், இன்னொருவன் என்ஜின் எடையைக் குறைக்கப் போகிறேன் என்றான். அண்ணா என்ன செய்வதென்று தெரியாமல், ஜூஹுவில் சின்ன விமானங்கள் இறங்கும் திடலுக்குப் போய் ஒரு நாள் முழுக்க வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்தான்.

அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை. ரசத்துச் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னான். அந்த விமானம் நெட்டையான வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டியது. பறக்கக் கற்றுக்கொள்ள வருகிற நம் பையன்கள் பாதிப் பேர் கையிலே ஒரு தலையணையோடு வருகிறார்கள். முதுகுக்குப் பின்னால் அதைத் திணித்துக்கொண்டால்தான், விமானத்தை இடம் வலமாகத் திருப்புகிற பெடலுக்குக் கால் எட்டும். அன்றைக்கு ஒரு பையன் தரையிறங்கும்போது தலையணை நழுவிவிட்டது. கால் பெடலை விட்டுவிட, விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை.

"எல்லாரும் அந்தப் பையனைத்தான் திட்டினா," என்றான் அண்ணா. "ஒருத்தர்கூட சீட்டைத் திட்டலை."

நான் மோர்ப் பாத்திரத்தோடு அப்படியே நின்றது நினைவிருக்கிறது. அவன் விமானத்தைப் பற்றித்தான் பேசினான். எனக்கு வேறு என்னவோ காதில் விழுந்தது.

மறுநாளே ஹாலில் விமானம் தயாராகிவிட்டது. அப்பாவின் நாற்காலிதான் பைலட் சீட். தலைகீழாக நிறுத்திய குடைதான், விமானத்தை ஏற்றி இறக்கக் கையில் பிடிக்கிற கட்டை. கால் வைக்கிற பெடலுக்குச் சாப்பாட்டு மணை இரண்டைச் சாய்த்து வைத்தான். அம்மா பார்த்துவிட்டு, "உக்காந்து சாப்படற மணையில காலை வெக்கறேளே, அன்னம் கெடைக்குமா உங்களுக்கு?" என்று கத்தினாள். கத்திவிட்டு, தேய்ந்துபோன பழைய மணைகளாகப் பார்த்துக் கொண்டுவந்தும் கொடுத்தாள். அவனுடைய வகுப்பில் என் அளவுக்குக் குட்டையாக ஒருவரும் இல்லை. ஆகவே நான்தான் பைலட். வருகிறவர்கள் எல்லாம் என்னை ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்த அந்த நாட்களில், அவன் ஒருவன்தான் இன்ச் டேப்பை வைத்து நேராக அளந்தான். இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதிகால் என்று ஒவ்வொன்றையும் அளந்து, முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டான். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவனிடம் நான் சொன்னதேயில்லை.

முதலில் நாற்காலியை முன்னால் தள்ளிப் பார்த்தான். கால் எட்டியது. குடையை என் பக்கம் முழுக்க இழுக்கச் சொன்னான்.

"வயித்துல இடிக்கறது அண்ணா," என்றேன்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். குடையையும் மணைகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளி, மணைகளை என் பக்கமாக இழுத்து வைத்தான். "அப்போ நீ போக வேண்டாம். பெடல்தான் ஒன்கிட்ட வரணும்," என்றான்.

அதற்கப்புறம் தாராவியில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மரப்பட்டறை வைத்திருந்த ஒரு பாயிடம் போய், பைலட் உட்காரும் இடத்துக்குப் பெட்டி மரத்தில் முழு அளவு மாதிரி ஒன்று செய்யச் சொன்னான். பெடல் ஓடுவதற்கு ஒரு சட்டம், சட்டத்தில் வரிசையாகத் துளைகள், எந்தத் துளை வேண்டுமோ அதில் விழுந்து பிடித்துக்கொள்ள ஒரு முளை. முளை விழுந்தால் 'டக்' என்று கேட்கும். "பிளேனுக்குள்ள கட்டிலு செய்யச் சொல்லுதியளா தம்பி?" என்று பாய் கேட்டாராம். கல்லூரியில் அவனுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியரும் ஏறக்குறைய அதையேதான் ஆங்கிலத்தில் சொன்னார். இது தச்சு வேலை, இஞ்சினியரிங் இல்லை, இறக்கையையோ என்ஜினையோ எடுத்துக்கொள் என்றார். அண்ணா கேட்கவில்லை. மார்க் போனால் தொழிற்சாலை வேலையும் போகும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

பரீட்சை நாள் குறித்தார்கள். மூன்றாவது பிள்ளை வீட்டார் வருவதாகச் சொல்லியிருந்ததும் அதே சனிக்கிழமைதான். மத்தியானம் அண்ணாவின் பரீட்சை, சாயங்காலம் என்னுடையது. மாதிரியில் உட்கார நான் கல்லூரிக்கு வந்தே ஆக வேண்டும் என்றான் அண்ணா. ஆம்பிளைப் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் போய் மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து காலாட்டிவிட்டு வந்தால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று அம்மா அழுதாள். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பாதான் தீர்ப்புச் சொன்னார்: "போயிட்டு வரட்டும். அதுக்குள்ள உயரமா ஆயிடப் போறாளா, குள்ளமா ஆயிடப் போறாளா?"

வெளியிலிருந்து வந்த பரீட்சையாளர் விமானப் படையில் இருந்தவர். நரைத்த மீசை, நல்ல உயரம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் மாதிரிக்குள் ஏறினேன். சுற்றிலும் பையன்கள். பெடல் பழைய இடத்தில் இருந்தபோது என் கட்டைவிரல் நுனிகூட அதைத் தொடவில்லை. யாரோ சிரித்தார்கள். முதுகில் தலையணை வைத்து, கட்டையை இழுத்தபடி பெடலை அழுத்தச் சொன்னார் அவர். தலையணை நழுவியது, காலும் நழுவியது. அண்ணா குனிந்து முளையை இழுத்தான். பெடல் என்னை நோக்கி வந்தது. டக். கட்டையை வயிறு வரைக்கும் இழுத்தேன், இரண்டு பக்கமும் கடைசி வரை அழுத்தினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

பரீட்சையாளர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார். இதெல்லாம் சரிதான், ஆனால் இவ்வளவு குட்டையாக இருக்கிறவர்கள் பறந்துதான் ஆக வேண்டுமா? உயரமானவர்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டால் வேலை முடிந்ததே? அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த எனக்குக் காது சுட்டது. எங்கள் வீட்டு ஹாலில் கேட்ட அதே பேச்சு இங்கேயும் வந்துவிட்டதே என்று இருந்தது.

அண்ணா பதில் சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். ஆளைப் பார்த்து எடுப்பது சுலபம்தான் சார், ஆனால் அளந்து பார்த்து வேண்டாமென்று அனுப்புகிறீர்களே, அவர்கள் எங்கே போவார்கள்? அவர்களிடம் ஒரு கோளாறும் இல்லை. ஒரு சட்டமும் ஒரு முளையும்தான் குறை, அது விமானத்தில் இருக்கிற குறை என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பரீட்சையாளர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். என்னை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறினார். முழங்கால் மோவாயில் இடித்தது. அண்ணா முளையை இழுத்துப் பெடலை அந்தக் கோடிக்குத் தள்ளினான். டக். காலை நன்றாக நீட்டி அழுத்திப் பார்த்துவிட்டு, அவர் என்னைப் பார்த்து, "தாங்க்யூ, பைலட்," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது பிள்ளை வீட்டார் காப்பியே குடித்து முடித்துவிட்டார்கள். கொண்டை போட நேரமில்லை. புடவையில் மரத்தூள். அம்மா கண்ணாலேயே நிலைப்படியைக் காட்டினாள். ஏறி நின்றேன். ஒரு நிமிஷம்தான் நின்றிருப்பேன். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கீழே இறங்கி, என் உயரத்தில் நின்றேன். பிள்ளையின் தாயார் என்னைப் பிள்ளையின் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் பார்த்தாள். பிடிக்கவில்லை என்று அந்த வாரத்திலேயே தகவல் வந்தது. அம்மா அழுதாள். நான் அழவில்லை. அண்ணா என் தலையில் தட்டி, "விடு. அவா ஆத்துல எல்லாமே ஃபிக்ஸட் பெடல்டீ," என்றான். அது எங்கள் வீட்டில் ஒரு வசனமாகவே ஆகிவிட்டது. பிற்பாடு ஓர் ஆறடி மனிதர் வந்து, எங்கள் வீட்டு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்து, என் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டாவது டம்ளர் காப்பி கேட்டார். அண்ணா என் காதருகே வந்து, "அட்ஜஸ்டபிள்," என்றான்.

ஆனால் அவனுக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு. இறக்கைக்காரனுக்கும் என்ஜின்காரனுக்கும் அதிக மார்க். விமானத் தொழிற்சாலை அவனை எடுத்துக்கொள்ளவில்லை. செம்பூர்ப் பக்கம் ஒரு ஆலையில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேயே இருந்தான். எட்டாத உயரத்தில் இருந்த வால்வுக் கைப்பிடிகளைக் கீழே இறக்கி வைப்பது, உயரமாக இருந்த மேஜைக்கு முன்னால் பலகை போடுவது என்று எதையாவது செய்துகொண்டே இருப்பான் என்று அவனோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். வருத்தம் இருந்ததா என்று ஒரு முறை கேட்டேன். விமானத்தை நினைத்தால் உண்டு, பெடலை நினைத்தால் இல்லை என்றான். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருவான். நான் இருக்கையை முன்னால் தள்ளியதும், வயிற்றை ஒட்டி நிற்கும் ஸ்டியரிங்கைப் பார்த்துத் தலையை ஆட்டுவான். "சீட்டைத்தான் நகத்தியிருக்கான். பாதி வேலைதான் பண்ணியிருக்கான்."

அண்ணா போய்விட்டான். போன பிறகுதான், என்னைக் குறையில்லாதவளாக முதலில் பார்த்த கண் அதுதான் என்று எனக்கு முழுதாக உறைத்தது. என் கணவருக்கும் பார்வை மங்கிவிட்டது, கார் ஓட்டுவதில்லை. இருக்கையை இப்போது யாரும் பின்னால் தள்ளுவதில்லை. என் அளவிலேயே நிற்கிறது. ஏறி உட்கார்ந்தால் கால் தானாக எட்டுகிறது, கம்பியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

ஆனாலும் சாவியைப் போடுவதற்கு முன்னால் கையை அடியில் விட்டு, இருக்கையை நானே கொஞ்சம் பின்னால் தள்ளுகிறேன். கால் எட்டாமல் தொங்குகிறது. பிறகு முன்னால் இழுக்கிறேன்.

டக்.