மண்டூருக்கு ஒரு கைக்கடிகாரம்

வியாழன், காலை 6.05. மட்டக்களப்பு ரயில் கொழும்பு கோட்டையிலிருந்து சொன்ன நேரத்துக்கே புறப்பட்டது. சுங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவனுக்கு இது நம்பிக்கை தரும் செய்தி அல்ல. சொன்னபடி இருக்கும் எதையும் ஒரு தடவை பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம். இரண்டாம் வகுப்பு முன்பதிவு 1,800 ரூபாய். யன்னலோரம். மடியில் ஓர் எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டி.

பெட்டிக்குள் சாப்பாடு இல்லை. பழைய துவாய்த் துண்டில் சுற்றிய பெண்கள் கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. சுவிஸ் தயாரிப்பு, புத்தம் புதியது. விலையைச் சொல்வது நாகரிகமல்ல. இவ்வளவு தூரத்துக்கு ஏன் காரில் போகவில்லை என்று கேட்டால், கார் இப்போது அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

போகும் இடம் மண்டூர். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் உள்ள ஊர், என் மனைவி பூரணம் பிறந்த ஊர். பூரணத்தின் பழைய கைக்கடிகாரம் அங்கே அவளுடைய தங்கை மகள் தர்சினியிடம் இருக்கிறது. கொழும்புக்கு வந்து கூட இருந்து பார்த்தவளுக்கு, இறப்பதற்குச் சில நாள் முன்பு பூரணமே கழற்றிக் கொடுத்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதற்கு நடைமுறை எதுவும் கிடையாது. நினைத்து நினைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கினால் அது கேட்பதாகாது, பரிமாற்றம் ஆகிவிடும். பரிமாற்றத்துக்கு உலகெங்கும் நடைமுறை உண்டு. அந்தத் துணிச்சலில்தான் புறப்பட்டேன்.

காலை 9.30. மாகோ தாண்டியதும் ரயில் பெட்டியில் பாதிப் பேர் உறங்கிவிட்டார்கள். மடியில் இருக்கும் கடிகாரத்தைச் செய்த நிறுவனத்தின் பெண்கள் கடிகார வரிசையை எனக்கு மதிப்பீட்டு மேசையில் இருந்த காலத்திலேயே தெரியும். முதலில் வந்தவை, பூரணத்தினுடையதைப் போல, கையால் முறுக்குபவை. நீள்வட்ட முகம், பெருவிரல் நகத்தை விடச் சற்றே பெரியது. ஆறு மணிக்குரிய இடத்தில் வினாடிக்கென்று தனியாக ஒரு குட்டி வட்டம். காலையில் முறுக்கினால் மறுநாள் காலைவரை ஓடும். பிறகு மின்கலக் காலம். அதே முகத்துக்குப் பின்னாலிருந்த சுருள்வில்லையும் பற்சக்கரங்களையும் எடுத்துவிட்டுச் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மின்கலத்தை வைத்தார்கள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு முறுக்க நேரமில்லையாம். உள்ளே இருந்ததை எடுத்தார்களே தவிர, விலையில் எதையும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பணக்காரர்களுக்குச் சுருள்வில் மீது மறுபடியும் ஆசை வந்தது. கை அசைய அசையத் தானே முறுக்கிக்கொள்ளும் இயந்திரம், ஆண்கள் கட்டும் பருமன், முகத்தைச் சுற்றிவரக் கற்கள். கட்டினால் இரத்த அழுத்தம் பார்க்க உட்கார்ந்தவரைப் போல இருக்கும். இப்போது கடைசியாக, பழைய நீள்வட்டத்தையே திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். பின்பக்கம் கண்ணாடி, உள்ளே ஓடுவதைப் பார்க்கலாம். முகத்தில் ஒரு நிலா, நாளுக்கு நாள் தேய்ந்து வளரும். வினாடி முள் மட்டும் இல்லை. பெண்ணுக்கு வினாடி எதற்கு என்று ஒரு மேசையைச் சுற்றியிருந்த ஆண்கள் தீர்மானித்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தின் அறிக்கை எப்படி இருந்திருக்கும் என்று என்னால் இப்போதே எழுதித் தர முடியும்.

இந்தக் கடைசி வடிவத்தைக் கொழும்பில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் கண்டேன். ஒரு கணம் பூரணத்தின் கையைக் கண்டதுபோல் நின்றுவிட்டேன். விற்பனைப் பெண் எடுத்துத் தந்தாள். காதில் வைத்தேன். ஓசை வேறு. பழையது வினாடிக்கு ஐந்து தடவை அடிக்கும், இது எட்டு. எங்கோ அவசரமாகப் போகிற ஒருவனின் காலடி. பூரணத்தினுடையது அவள் தலையணைக்குப் பக்கத்தில், அவள் மூச்சுக்கு நடுவில் நிதானமாகக் கிடக்கும். அது போன பிறகு எனக்கு நித்திரை இல்லை. எந்த வைத்தியரிடம் போய் என்னவென்று சொல்வது?

அந்தக் கடிகாரம்தான் எங்களைச் சந்திக்க வைத்தது. பூரணத்தின் தகப்பன் கப்பலில் வேலை பார்த்தவர். மூத்த மகளுக்கென்று அவர் வாங்கி அனுப்பியது துறைமுகத்தில் என் மேசைக்கு வந்தது. எடுக்க வந்தவள் பூரணம். விடுவிப்பதற்கு நடைமுறைப்படி மூன்று வேலைநாள். நான் அதில் ஒரு மணித்தியாலத்தைக்கூடக் குறைக்கவில்லை. மூன்று நாளும் வந்தாள்.

பகல் 12.40. பொலன்னறுவையில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தவர் ஏறாவூர்த் துணி வியாபாரி. மூன்று பெரிய பொதிகளை மேலே ஏற்றிவிட்டு, மடியில் ஒரு சோற்றுப் பார்சலைப் பிரித்தார். அவர் கண் என் பெட்டியை விட்டு நகரவில்லை.

"சேர், சாப்பாட்டக் கட்டிப் புடிச்சிட்டே இரிக்கிறீங்க. தொறங்க, இந்த வெக்கைக்கு ஊசிப் பெய்த்திரும்."

"பசியில்லை."

"வூட்டுல கட்டித் தந்ததா?"

"வீட்டில் ஆளில்லை" என்றேன்.

அவர் தன் சோற்றைச் சரிபாதியாக ஒதுக்கினார். "கோழிதான் சேர், பயப்பிடாதீங்க. அந்த மூடிய ஒருக்காத் தாங்க, அதுல வெச்சித் தாறன்."

சோற்றை மறுக்கலாம், மூடியைக் கேட்டால் என்ன செய்வது? உள்ளே மருந்து இருக்கிறது, திறக்கக் கூடாது என்றேன்.

"மருந்தெண்டா சரி. எங்கட உம்மாவும் இப்பிடித்தான் மடிய விட்டு இறக்க மாட்டா." வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினார். கோழி நன்றாக இருந்தது. மருந்து என்று சொன்னது பொய் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. ஏறாவூரில் இறங்கும்போது, "அல்லா சொகத்தத் தரட்டும் சேர்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பொதிகளில் ஒன்று என் காலில் இடித்துக்கொண்டு போனது.

பிற்பகல் 3.30. மட்டக்களப்பு. தெற்கே போகும் பஸ்ஸில் களுவாஞ்சிகுடிவரை ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர், 140 ரூபாய். கல்லடிப் பாலத்துக்குப் பிறகு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டும் கண்ணுக்குத் தெரியாது, காற்றில் தெரியும். காத்தான்குடியில் பஸ் நின்ற நேரம், மற்ற ஊர்கள் எல்லாவற்றிலும் சேர்த்து நின்ற நேரத்தை விட அதிகம். களுவாஞ்சிகுடியிலிருந்து குருமண்வெளித் துறைக்கு ஓட்டோ 400 ரூபாய்.

வாவியை இங்கே ஆறு என்பார்கள். அதைக் கடக்கும் மிதவைக்குப் பெயர் பாதை. இரும்பு மிதவைகள் மேல் பலகை போட்டு இயந்திரம் பூட்டியிருக்கிறார்கள். மோட்டார்சைக்கிள்கள், இரண்டு ஆசிரியைகள், ஒரு மூட்டை மாட்டுத்தீனி, நான். வெயில் சாய்ந்த தண்ணீரில் இறால் பிடிக்கிறவர்கள் இடுப்பளவில் நின்றார்கள். பாதைக்காரர் கயிற்றைச் சுருட்டியபடி கேட்டார்.

"ஆருட வீட்ட போறீங்க ஐயா?"

"நாகத்தின் வீட்டுக்கு."

"நேர்ஸ் புள்ளட வீடா? அவ இப்பதான் வேல முடிஞ்சி அங்கால போன. காலம ஆறேகாலுக்கு இஞ்சால வருவா. அவட நெஞ்சில தொங்கிற மணிக்கூட்டப் பாத்துத்தான் நாங்க கயிறு அவுக்கிற."

"உங்களிடம் தொலைபேசி இல்லையா?"

"கிடக்கு. அது ஒவ்வொரு நாளும் சார்ஜ் இல்லாமச் செத்துப் போகும். அவட மணிக்கூடு சாகாது." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பரிமாற்றத்தில் மூன்றாம் தரப்பு ஒன்று நுழைந்துவிட்டது.

மாலை 5.45. மண்டூர். நாகம் பூரணத்தின் ஒரே தங்கை. கைகாலைக் கழுவ விட்டு, எருமைத் தயிரும் சீனியும் தந்து, நான் மெலிந்ததற்குக் கொழும்புத் தண்ணீரைக் குறை சொன்னாள். அப்போது தர்சினி உள்ளேயிருந்து வந்தாள். களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் விடுதியில் தாதி. வெள்ளைச் சீருடை இன்னும் மாற்றவில்லை. இடது நெஞ்சில் கறுப்பு நாடா ஒன்று. அதன் நுனியில், தோல்பட்டி இல்லாமல், தலைகீழாக, பூரணத்தின் கடிகாரம்.

பெண்கள் கடிகாரங்கள் மணிக்கட்டுக்கு வருவதற்கு முன்பு இப்படித்தான் நெஞ்சில் தொங்கின. அந்த நிறுவனம் இத்தனை வருடமாக மாற்றி மாற்றிச் செய்ததை இவள் ஓர் ஊசியால் தொடக்கத்துக்கே கொண்டுபோயிருந்தாள்.

பெட்டியைத் திறந்தேன். துவாயை விலக்கினேன். தயாரித்து வைத்திருந்த பேச்சை எடுத்த எடுப்பிலேயே மறந்துவிட்டேன். "இது உனக்கு. அதை எனக்குத் தா" என்றுதான் வாயில் வந்தது.

தர்சினி புதியதைக் கையில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். நன்றாகப் பார்த்தாள். "வடிவாத்தான் இருக்கு பெரியப்பா. வினாடிக் கம்பி எங்க?"

"இல்லை."

"அப்ப இதால நான் என்ன செய்யிற? பிறந்த புள்ளட மூச்சு எண்ணோணும். ஒரு நிமிசம் முழுக்க எண்ணோணும். சுவர் மணிக்கூட்டப் பாத்தாப் புள்ளயப் பாக்கேலாது. இது நெஞ்சில தொங்கிறதால, குனிஞ்சா மணிக்கூடும் புள்ளட வயிறும் ஒண்டாத் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினாள். "பெரியம்மாக்கும் கடைசியில இதாலதான் எண்ணின. அவதான் சொன்ன, இத நீ வெச்சிக்க, இவருக்கு எண்ணத் தெரியாதெண்டு."

முப்பது வருடம் நாட்டின் வருமானத்தை எண்ணியவனைப் பற்றிப் பூரணத்தின் இறுதி மதிப்பீடு அது. மேன்முறையீட்டுக்கு இடமில்லை.

"எனக்கு நேரம் பார்க்க வேண்டாம் தர்சினி. அது அடிப்பதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்."

அவள் தலை குனிந்துகொண்டாள். இல்லை என்று சொல்லவில்லை. நாடாவை அவிழ்க்கவும் இல்லை. நாகம்தான் பேசினாள்.

"அத்தான், கோவிக்கப்படாது. எங்கட ஊரில பொம்புளப் புள்ளைக்குக் குடுத்த சாமான் வெளியால போறல்ல. ஆம்புளதான் உள்ளுக்கு வாற. நீங்க ஒராள்தான் மாறி நடந்த."

உண்மை. இந்தப் பக்கத்தில் வீடும் அதைச் சுற்றிய வளவும் மகளுக்கு. கலியாணம் முடித்தால் ஆண்தான் தன் உடுப்புகளோடு பெண்வீட்டுக்கு வந்து இருப்பான். நான் கொழும்பு வேலையைக் காட்டிப் பூரணத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கென்று கட்டிய சிறிய வீடு, நாகத்தின் வளவின் மறு மூலையில், முருங்கைக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறது.

"சரி, அப்படியென்றால் இதை நான் திருப்பிக் கொண்டுபோகிறேன்" என்று புதியதை எடுத்தேன்.

"அதென்ன கத? கொண்டு வந்ததத் திருப்பிக் கொண்டுபோறதா? அவளுக்கு வேணாமெண்டா எனக்குத் தாங்க." நாகம் கையை நீட்டிவிட்டாள். "எனக்கு நேரம் பாக்கிற வேலயே இல்ல. இந்த நிலவு சரியாக் காட்டுமா? பறுவம் தெரிஞ்சாப் போதும், விரதத்துக்கு."

"என்னகா அம்மா" என்று தர்சினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாகம் அதற்குள் கட்டிவிட்டாள். தேங்காய்த் துருவல் ஒட்டிய கையில் என் கார் பளபளத்தது. பௌர்ணமியைச் சரியாகவே காட்டும் என்று விற்பனைப் பெண் சொன்னதை நான் உறுதிப்படுத்த வேண்டியதாயிற்று.

வெள்ளி, காலை 5.50. தர்சினி வேலைக்கு வெளிக்கிட்டு வந்தாள். நாடாவை அவிழ்த்துக் கடிகாரத்தை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இண்டைக்கு நீங்க முறுக்குங்க. கடைசியில இறுகும், அதுக்கு மேல முறுக்காதீங்க. உங்களுக்கு அந்த இடம் தெரியாதெண்டு பெரியம்மா சொன்னவ."

"அவள் உன்னிடம் என்னைப் பற்றி நல்லதாக ஏதாவது சொன்னாளா?"

"மூண்டு நாள் அலைய விட்டவராம். அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

முறுக்கினேன். அந்தச் சின்னக் குமிழ் என் விரல்களுக்குள் அகப்படவில்லை. நகத்தால் பிடிக்க வேண்டியிருந்தது. பூரணம் இதை நாள்தோறும் தேநீர் கொதிக்கும் நேரத்தில், பார்க்காமலே செய்வாள். இறுகும் இடம் வந்தது. நிறுத்தினேன். காதில் வைத்தேன்.

அதேதான். ஐந்து, ஐந்து, ஐந்து. முற்றத்தில் கோழிகள் கத்தின. நாகம் ஏதோ கேட்டாள். கடிகாரத்தை மறு காதுக்கு மாற்றினேன்.

"பெரியப்பா, பாதை போயிரும்."

"நீ போகாமல் அது போகாதாம்."

"அதுக்காகத்தான் நான் பிந்தப்படாது" என்றாள். கேட்கவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை, காத்து நின்றாள். நானே அவளுடைய நாடாவில் கோத்துக் கொடுத்தேன். சீருடையில் குத்திக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். தெரு திரும்பும்வரை பார்த்து நின்றேன்.

சனி, காலை 7.00. மீண்டும் பாதை, இம்முறை குருமண்வெளிக்கு. தண்ணீர் வெள்ளித் தகடு போலக் கிடந்தது, நீர்க்காகங்கள் கம்புகளில் சிறகு காயவைத்தன. கொழும்பில் என் வீட்டில் நேரம் காட்டும் பொருட்கள் நிறைய உண்டு. தொலைபேசி, தொலைக்காட்சி, அடுப்பு, குளிர்பதனப் பெட்டிகூட. எல்லாம் சரியாகக் காட்டும். ஒன்றும் வாய் திறக்காது. பரிமாற்றம் செய்யப் போனவன் இரண்டையும் கொடுத்துவிட்டு வருகிறேன். இப்படி ஒரு பரிமாற்றத்தை என் மேசையில் யாராவது அறிவித்திருந்தால், ஆளைத் தனியறைக்குக் கூட்டிப்போய் விசாரித்திருப்பேன்.

புறப்படும்போது நாகம் என்னைப் பூரணத்தின் பூட்டிய வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஓடுகள் இரண்டு விலகியிருக்கின்றன, கதவுக் கீல் துருப்பிடித்திருக்கிறது, மற்றபடி குறையில்லை என்றாள். கதவைத் திறந்து காட்டிவிட்டு மறுபடி பூட்டினாள். சாவியை என்னிடம் தரவில்லை. அது அவள் குசினியில் எந்த ஆணியில் தொங்குகிறது என்று மட்டும் காட்டினாள்.