ரசியாவின் வலது தோள்

ரசியாவின் வலது தோளைக் கெடுத்தவள் நான். விபத்தல்ல. தெரிந்தே செய்தேன்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். கேட்டால் போதும்.

இருவரும் கல்லூரியில் முதலாண்டு. பசுமலை மைதானத்தில் தினமும் காலையில் டென்னிஸ் பயிற்சி. அவள் சிம்மக்கல்லிலிருந்து பஸ் பிடித்து வருவாள், நான் விளாங்குடியிலிருந்து. நான் உழைத்தேன்... உண்மையாகவே உழைத்தேன்! பெரிய வீராங்கனைகளின் ஆட்டங்களைக் கைப்பேசியில் மெதுவாக ஓடவிட்டு, கால் எங்கே நிற்கிறது, மட்டை எப்படிச் சாய்கிறது என்று நோட்டில் வரைந்து வைப்பேன். ரசியா எதையும் பார்த்ததில்லை. ஆனால் அவள் சர்வீஸ் போட்டால், நான் மட்டையைத் தூக்குமுன் பந்து என்னைக் கடந்திருக்கும்.

அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. எங்கள் கல்லூரிக்கு ஒரே இடம். ஒருநாள் அவளே கேட்டாள்.

"ஏ உமா, நீ அம்புட்டு வீடியோ பாக்குறயே... என் சர்வீஸ்ல என்ன கொறன்னு சொல்லேன்டி."

குறை ஏதுமில்லை. அதைச் சொல்லியிருக்கலாம்...

மறுநாள் ஒரு வீடியோ காட்டினேன். புகழ்பெற்ற வீராங்கனை ஒருத்தி பந்தைத் தலைக்குப் பின்னால் தூக்கிப் போட்டு, முதுகை வளைத்து அடிக்கிறாள். அந்த அடியின் பலம் முழங்காலில் இருக்கிறது. காலை மடக்கி எழும்பாமல் அடித்தால் பாரம் மொத்தமும் தோளில் இறங்கும். எனக்குத் தெரியும். என் நோட்டில் சிவப்பு மையில் எழுதியே வைத்திருந்தேன்.

ஆகவே, இடுப்புக்குக் கீழே தெரியாதபடி வீடியோவை வெட்டியிருந்தேன்.

அவள் நம்பினாள். கூடை கூடையாகப் பந்தடித்தாள். மூன்றாம் வாரம், "தோளு வலிக்குதுடி" என்றாள்.

"பழகுற வரைக்கும் அப்டித்தான் இருக்கும். இப்ப நிப்பாட்டுனா அம்புட்டும் வீணு."

எவ்வளவு கனிவாகச் சொன்னேன் தெரியுமா!

தேர்வுக்கு ஆறு நாள் முன்பு, சர்வீஸ் போட்டவள் அலறினாள். மட்டை தெறித்து விழுந்தது. ஓடிச்சென்று அவளைத் தாங்கிக்கொண்டேன். தாங்கியபடியே, இனி என்னை எதிர்க்க யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன்.

இடம் எனக்குக் கிடைத்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் கிடைத்தது. அவளுக்கு அறுவை சிகிச்சை செய்தும் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. இன்றும் அவள் தங்கைதான் தலைவாரி விடுகிறாள்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். டீ கொடுத்துவிட்டுப் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"பழைய சர்வீஸையே போட்டிருந்தா நான் செயிச்சிருப்பனாடி?"

ஒன்பது ஆண்டுகள் கழித்து அவளே கதவைத் திறந்துவிட்டாள்... ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அவளுக்குரியதில் கொஞ்சமாவது அவளுக்குத் திரும்பியிருக்கும்.

"இல்லடி. அத வச்சுக்கிட்டு மொத ரவுண்டே தாண்டிருக்க மாட்ட."

ரசியா மெல்லத் தலையாட்டினாள். "நீயும் எனக்காக எம்புட்டோ பாடுபட்ட" என்று இடது கையால் என் கையைப் பற்றினாள்.

நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. டீ ஆறுமுன் குடித்து முடித்தேன்.